ப்ரியஸ் பேட்டரி: மாற்றுவதற்கு முன் காற்று வழியைப் பாருங்கள்

உங்கள் டொயோட்டா ப்ரியஸ் ஹைபிரிட் காரின் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) பெரிய பேட்டரியை இப்போதே மாற்ற வேண்டாம். தை அறுவடைக்குப் பிறகு பின் சீட் பக்கம் விசிறி இரைகிறது, திரையில் பேட்டரி சார்ஜைக் காட்டும் கோடுகள் சட்டென்று இறங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேட்டரியைக் குளிர்விக்கும் அந்த விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

2010 மாடல் ப்ரியஸ் பேட்டரி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் சூடு தணிக்கிறது. பின் சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் சல்லடை போன்ற வழிதான் அதற்கு மூக்கு. கும்பகோணத்தில் ஒரு வண்டியில் விசிறியைக் கழற்றிப் பார்த்தோம். இறக்கைகளில் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் கம்பளி மாதிரி அப்பியிருந்தன. அறுவடை மெஷின் ஓடும் வயலோரமாக, அதுவும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். அந்த வழியை மறைத்துப் பையோ மூட்டையோ வைக்காதீர்கள். வெயிலில் ஏசி போட்டே ஓட்டுங்கள், பேட்டரிக்கும் அதே குளிர்காற்றுதான்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, மேடேறும்போது பேட்டரியின் 14 பிளாக்குகளின் (செல் தொகுதிகளின்) வோல்ட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தால் அந்த பிளாக் பலவீனம். எல்லாம் ஒட்டி நின்றால் நிம்மதி.

அப்புறம், ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது நியூட்ரலில் போடாதீர்கள். அதில் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, ஏசி மட்டும் தின்னும். பார்க்கிங் (P) கியரில் போடுங்கள்.

ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொடவே கூடாது. 200 வோல்ட்டுக்கு மேல், உயிர் விஷயம். ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்.