லாப்ரடாருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது. போன வருடம் வலது பின்னங்காலை நொண்டியது, மாத்திரையில் சரியாகிவிட்டது. இப்போது செல்லப்பிராணி காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். பிரீமியம் வீணாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: கட்டிய பணம் திரும்பி வருமா என்று கணக்குப் போடாதீர்கள். எதுவும் நடக்காவிட்டால் எந்தக் காப்பீடும் நஷ்டமாகத்தான் தெரியும். நாளைக்கே ஆபரேஷன் என்றால் கடன் வாங்காமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் காப்பீடு அவசியமில்லை. பிரீமியத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

முடியாது என்றால்தான் யோசிக்க வேண்டும். அங்கே உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நொண்டல் டாக்டரின் பதிவேட்டில் ஏறியிருக்கும். பாலிசிக்கு முன்பே இருந்த கோளாறுக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். அதோடு போவதில்லை. வலது முழங்காலில் பிரச்சினை இருந்திருந்தால் இடது முழங்காலையும் சேர்த்தே விலக்கும் பாலிசிகள் நிறைய உண்டு. அநியாயமாகத் தோன்றும், ஆனால் ஒரு காலில் ஜவ்வு கிழிந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறுகாலிலும் கிழிகிறது, கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். லாப்ரடாருக்கு அதிகம் செலவு வைக்கக்கூடியவற்றில் முழங்காலும் இடுப்பு மூட்டும் முக்கியமானவை. அந்த மூட்டுகளை விலக்கிவிட்டு மிச்சத்துக்குப் பாலிசி தந்தால், நான் வாங்கமாட்டேன்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து போன்ற வழக்கமான செலவுகள் அடிப்படைப் பாலிசியில் பெரும்பாலும் வராது. பில்லையும் முதலில் நீங்கள் கட்டி, அப்புறம் க்ளெய்ம் செய்வதுதான் பல இடங்களில் நடைமுறை. ஆகவே பாலிசி இருந்தாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும்; இந்த வருடத் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தோல் அலர்ஜி போல வருடக்கணக்கில் இழுக்கும் நோய்க்கு, புதுப்பித்த பிறகும் பணம் வருமா என்று பாருங்கள். முதல் வருடம் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் 'பழைய நோய்' என்று கைவிரிக்கும் பாலிசி மலிவாகக் கிடைக்கும்!

சரி, இப்போது செய்ய வேண்டியது: நாயின் மருத்துவப் பதிவுகளைக் கம்பெனிக்கு அனுப்பி, எதையெல்லாம் விலக்குவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நொண்டியதை மறைக்காதீர்கள், பெரிய க்ளெய்ம் வரும்போது பழைய பதிவுகளை வாங்கிப் பார்ப்பார்கள். பதில் கைக்கு வரும்வரை பணம் கட்ட வேண்டாம்.