தவளைத் தொட்டியில் பாசி கருகுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகள் இரண்டை வளர்த்து வருகிறேன். உயிருள்ள பாசியை (மாஸ்) இணையத்தில் வாங்கித் தரை முழுவதும் விரித்தேன். வீட்டு போர் தண்ணீரை நாளுக்கு மூன்று வேளை தெளித்தேன். மூன்றே வாரத்தில் பாசியின் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஈரம் போதவில்லை என்று எண்ணி ஐந்து வேளை தெளித்தேன். இப்போது நடுவில் கறுத்து, தொட்டியைத் திறந்தாலே வாடை வருகிறது. கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், பல்லடம்

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, கண்ணாடியில் படிந்த வெள்ளை என்று, அதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கண்ணாடியில் படிந்தது பாசியின் மேலும் படிந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிடலாம், பாசியைத் துடைக்க முடியாது.

பாசிக்கு வேர் கிடையாது. அடியில் பழுப்பு இழைகளாகத் தெரிபவை வேரிகள். அவற்றின் முதல் வேலை கல்லையும் மண்ணையும் பற்றிக்கொள்வது. தண்ணீரைப் பெரும்பாலும் இலைதான் குடிக்கிறது, அந்த இலையோ பெரும்பாலான பாசிகளில் ஒரே ஒரு செல் கனம்தான் இருக்கும். தென்னைக்கும் வாழைக்கும் உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் மண் கொஞ்சம் பிடித்து வைக்கும், வேரும் ஓரளவு பார்த்து உறிஞ்சும். பாசிக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. நீங்கள் தெளிக்கும் தண்ணீர் ஆவியாகிப் போனபின் அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் இலைமேலேயே தங்கிவிடுகின்றன. ஐந்து வேளை தெளித்தபோது ஈரத்தைக் கூட்டியதாக நினைத்தீர்கள். கூடவே உப்பையும் ஐந்து வேளை கூட்டிவிட்டீர்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தே நம்பினேன். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் வளர்ந்த பாசியில் ஒரு பிடி எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு தட்டங்களில் வைத்து, ஒன்றுக்கு போர் தண்ணீரும் மற்றொன்றுக்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் தெளித்து வந்தேன். ஒரு மாதம் கழித்து, நகைப் பட்டறையில் கல் பார்க்கப் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்சை வைத்துப் பார்த்தபோது, முதல் தட்டத்துப் பாசியின் ஒவ்வோர் இலை நுனியிலும் சர்க்கரைத் தூள் ஒட்டியதுபோல் வெண்மணிகள் இருந்தன. மழைத் தண்ணீர்ப் பாசியோ, காய்ந்து தண்டோடு சுருண்டிருந்த நிலையிலும், ஒரு சொட்டு விழுந்ததும் ஒரு நிமிடத்துக்குள் இலை விரித்து நிமிர்ந்தது.

ஆகவே முதலில் தண்ணீரை மாற்றுங்கள். வீட்டுக்கு ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும்; அதில் உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அது மனிதர்களுக்கான கணக்கு. பாசிக்குத் தெளிக்கும் தண்ணீர் 50-க்குக் கீழே இருப்பது நல்லது, 100-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் அனுபவக் கணக்கு. மழைத் தண்ணீர் முதல் தரம். கூரைத் தூசி போக முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். அது இல்லாத மாதங்களில் ஆர்.ஓ. தண்ணீர் போதும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும் உயிர் என்பதால், வண்ணமீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே உள்ளே விட வேண்டும். தவளை உட்காரும் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாமல், இப்படிக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரை வையுங்கள். தவளையின் உடலுக்குக் கொஞ்சம் தாது வேண்டும்.

அடுத்தது காற்று. நடுவில் கறுத்து வாடை அடிப்பது அழுகல். பாசி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து வாழப் பழகியது. இருபத்து நான்கு மணி நேரமும் சொதசொதவென்று கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தெளித்தால் போதும். இடையில் மேற்பரப்பு லேசாக உலர வேண்டும். தொட்டியின் முன்பக்கம் கீழே ஒரு காற்றுத் துளை வரிசையும் மேலே வலை மூடியும் இருந்தால் காற்று தானாகவே மேலேறும். ஆனால் உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் வழியில் இருக்கிறது. ஆடிக் காற்றில் வலை மூடிக்குக் கீழிருக்கும் பாசி ஒரே பகலில் அப்பளமாகிவிடும். அந்த மாதங்களில் வலையில் பாதிக்கு மேல் கண்ணாடித் துண்டை வைத்து மூடுங்கள். ஐப்பசி மழையில் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, தவளையே. நீங்கள் வளர்க்கும் வகை வளர்ந்தால் பத்து சென்டிமீட்டர் வரும். அது குதித்து இறங்கும் இடத்தில் எந்தப் பாசியும் நிற்காது. அதன் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா பாசியைப் பொசுக்கும். தரை முழுவதும் பாசி விரிக்கும் ஆசையை விட்டுவிட்டு, மரக்கட்டையின் பின்புறம், சரிவான ஓரம், கல் இடுக்கு என்று அது மிதிக்காத இடங்களில் மட்டும் பதியுங்கள். எச்சத்தை அன்றன்றே எடுங்கள். இரையை இடுக்கியால் கொடுங்கள்; பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது பாசியையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைபடும்.

இருக்கும் பாசியில் கறுத்ததை வெட்டி எறியுங்கள். பச்சை மிச்சமிருக்கும் துண்டுகளை மழைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, புதைக்காமல், அடியோடு ஒட்டும்படி அழுத்தி வையுங்கள். சிறு துண்டிலிருந்தும் பாசி துளிர்க்கும், ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். உரமும் பூஞ்சைக்கொல்லியும் ஒரு துளிகூட வேண்டாம். தவளையின் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். வெண்பூஞ்சை தெரிந்தால், ஸ்பிரிங்டெயில் என்று விற்கிறார்களே, ஊசிமுனை அளவு வெள்ளைப் பூச்சிகள், அவற்றை விடுங்கள். பூஞ்சையைத் தின்று தீர்க்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. அதை அடியில் போட்டுப் பாசி வைக்கலாமா? மோரில் பாசியை அரைத்துப் பூசினால் வேகமாக வளரும் என்கிறார்களே?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: நார்க்கழிவு நல்ல பொருள், கழுவியதாக இருந்தால். கயிறு ஆலை ஓரத்தில் குவிந்து கிடப்பதில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். அந்த உப்பு ஈரத்தோடு மேலேறிப் பாசிக்கு வந்துவிடும். ஏற்றுமதிக் கட்டிகளில் ‘லோ இ.சி.’ (உப்பு குறைவு) என்று எழுதியிருப்பது கழுவியது என்பதற்கான அடையாளம். அதிலும் கால்சியம் நைட்ரேட்டில் ஊற வைத்த வகையை வாங்காதீர்கள். நாற்றுப் பண்ணைக்கு அது சரி, தவளைக்கு ஆகாது. ஆலையில் சும்மா அள்ளி வந்ததென்றால் துணியில் கட்டி, பிழிந்து வரும் தண்ணீர் டீ நிறம் மாறித் தெளியும் வரை அலசுங்கள். அதன் கீழே ஒன்றரை அங்குலத்துக்குக் கூழாங்கல்லும் அதன்மேல் கொசுவலைத் துண்டும் போட்டால் தேங்கும் தண்ணீர் தனியே வடியும்.

மோர் வேண்டாம். மூடிய தொட்டியில் அது புளித்து, பூஞ்சை பிடித்து, பாசிக்கு முன்னால் தவளையை நோயில் தள்ளும்.

கேள்வி: சித்திரை வெயிலைத் தாங்கும் பாசி உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மலைப்பாசிகளைக் குளிர்சாதனம் இல்லாமல் காப்பாற்றுவது கடினம். தண்ணீருக்குள்ளேயும் வளரக்கூடிய, வண்ணமீன் கடையில் கிடைக்கும் ஜாவா பாசியைக் கட்டையில் நூலால் கட்டி, எப்போதும் ஈரம் படும்படி தண்ணீர் ஓரத்தில் வையுங்கள். வெக்கையை அதுவே நன்றாகத் தாங்குகிறது. தொட்டியை மாடியிலிருந்து இறக்கி, கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறையில் தரையோடு வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. பகல் வெளிச்சம் போன்ற 6500 கெல்வின் எல்.இ.டி. விளக்கு பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் வெளிச்சம் போதும். அலங்காரக் கடைகளில் பச்சைச் சாயம் ஏற்றி விற்கும் ‘பிரிசர்வ்டு மாஸ்’ உயிரற்றது. அதைத் தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: வால்பாறை போகும் வழியில் பாறையில் அடர்ந்திருக்கும் பாசியைக் கொஞ்சம் எடுத்து வரலாமா?
– வாசகர், உடுமலை

பதில்: கூடாது. அந்த மலைச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்கிறது. அங்கிருந்து ஒரு பிடி பாசி எடுப்பதும் குற்றம். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் வனப்பொருள் எவை என்று வரையறுக்கும் இடத்தில் பாசியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நோய். தவளைகளின் தோலைத் தாக்கி உலகெங்கும் பல இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான எதிலும் ஒட்டிப் பயணம் செய்யும். மலைப் பாசியோடு அது உங்கள் தொட்டிக்குள் வரலாம். உங்கள் தொட்டித் தண்ணீரோடு மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடம் போகவும் கூடும். தொட்டித் தண்ணீரை ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து சாக்கடையில் ஊற்றுங்கள். கழித்த பாசியை மொட்டை மாடியில் சருகாகக் காயவைத்து, அதன் பிறகு குப்பையில் சேருங்கள்.