எட்டு வாரத்தில் முடிகிற வேலை எது?

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரியில் தமிழ் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். திருவாசகத்தில் சைவ சித்தாந்தக் கூறுகள் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றேன். ஆக்ஸ்போர்டு இந்து ஆய்வு மையத்தின் சிவ்தாசானி வருகைதரு ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்க ஆசை. நன்கொடைப் பணம் என்பதால் கொடுத்தவர் மனம் கோணாமல்தான் எழுத வேண்டியிருக்குமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.

பதில்: முதலில் தயக்கத்தைப் பார்ப்போம். 1997-இல் தொடங்கிய அந்த மையம் பல்கலைக்கழகத்தின் துறை அன்று. அதன் அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனம். நன்கொடையில்தான் ஓடுகிறது. ஆனால் ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் படிப்பே ஓர் உயிலில் முளைத்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜோசப் போடன் விட்டுச்சென்ற பணத்தில் 1832-இல் பேராசிரியர் பதவி உருவானது. விவிலியத்தைச் சமஸ்கிருதத்தில் தந்து இந்தியர்களை மதம் மாற்றுவது அவர் எண்ணம். அந்தப் பதவியிலிருந்து நமக்குக் கிடைத்ததோ மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி! திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1936-இல் ஏற்ற ஸ்பால்டிங் பேராசிரியர் பதவியும் நன்கொடைதான். ஆகவே கொடுத்தவர் யார் என்பதோடு நிற்காமல், தேர்வு செய்பவர் யார், எழுதியதை வெளியிடுமுன் யாரிடமாவது காட்ட வேண்டுமா என்று விசாரியுங்கள். காட்ட வேண்டும் என்றால் நான் போகமாட்டேன்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. நல்கை ஒரு பருவத்துக்குத்தான். அங்கே ஒரு பருவம் என்பது எட்டே வாரம். நம்மவர்கள் அனுப்பும் திட்டங்களோ மூன்றாண்டு வேலையாக இருக்கும். 'வேதம் முதல் இன்று வரை' என்று தொடங்கும். அதைவிட, பாதி எழுதிய ஒரே கட்டுரையை எடுத்துச் செல்லுங்கள்.

சைவாகமச் சுவடிகளைத் தேடி ஆக்ஸ்போர்டு போகிறேன் என்றும் எழுதிவிடாதீர்கள். புதுச்சேரி பக்கத்தில் இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்பார்கள். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-லேயே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆக்ஸ்போர்டில்தான் செய்ய முடியும் என்கிற வேலை வேண்டும். உங்களுக்கு அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜி.யு.போப் அங்கே தமிழ் கற்பித்தவர். அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் வெளியானதும் ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் அச்சகத்தில்தான். ஒரு பாதிரியார் 'பதி, பசு, பாசம்' (இறைவன், உயிர், தளை) மூன்றையும் எந்தக் கிறித்தவச் சொற்களில் புரிந்துகொண்டார்? அவர் காலத்து ஆக்ஸ்போர்டு இறையியலோடு ஒப்பிட்டு இந்த ஒன்றை மட்டும் பாருங்கள். எட்டு வாரத்துக்குத் தாராளமாகப் போதும். வந்தவர்கள் உரையாற்றுவது அங்கே வழக்கம். உரைக்கும் அதுவே ஆகும். திருவாசகம் என்ற பெயரையே கேட்டிராதவர்களும் எதிரே அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். விமான டிக்கெட், தங்குமிடம், விசா கட்டணம் இவற்றில் எவை நல்கையில் அடங்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். ஆக்ஸ்போர்டு வாடகை நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.

விடுப்பும் தடையின்மைச் சான்றிதழும் தனிக் கதை. கல்லூரியிலிருந்து கோப்பு நகர்வதற்குள் அங்கே பருவமே முடிந்துவிடக்கூடும். அழைப்புக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல், விண்ணப்பிக்கும் வாரமே முதல்வரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.