ஸ்டோர் ரோலரும் பற்றீரியாவின் வாலும்

கேள்வி: பற்றீரியாவின் வால் மோட்டார் மாதிரியே சுழல்கிறதாம். ஒரு பாகத்தைக் கழற்றினாலும் ஓடாதாம். ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது, யாரோ திட்டம் போட்டுச் செய்ததுதான் என்கிறார் அண்ணா. மெஷின்களோடு வாழ்ந்த நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: அண்ணா சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது, மகள். மைக்கேல் பீஹி என்ற அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர் 1996 இல் எழுப்பிய வாதம் அது. எலிப்பொறியில் ஸ்பிரிங்கைக் கழற்றினால் எலி அகப்படுமா என்று கேட்டார். வாலின் அடியில் தண்டு, பேரிங் போல வளையங்கள் எல்லாம் உண்டு. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோத்தன்கள் என்ற மின்னேற்றத் துணிக்கைகள் அதைச் சுற்றுகின்றன, ஓடைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றுவது போல. படத்தைப் பார்த்தபோது பழைய ஃபிட்டரான எனக்கே கைகூப்பத் தோன்றியது.

ஆனால் எங்கள் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் கதையைக் கேளுங்கள். ஆதியில் டர்பைன்தான் கொழுந்தை உருட்டும் ரோலர்களை ஓட்டியது. அப்புறம் டீசல் என்ஜின், அதற்கும் பிறகு கரண்ட். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டர்பைன் இருந்த கொங்கிரீட் மேடையில் மோட்டார் உட்கார்ந்திருந்தது. மேடையை உடைத்தால் ரோலர் நிற்கும், கொழுந்து வீணாகும். ஆனால் அந்த மேடை மோட்டாருக்காகக் கட்டியதா? இல்லையே.

மாற்றியது மனிதன்தானே என்பார் அண்ணா. சரி. உயிர்களில் அந்த ஃபிட்டர் வேலையை இயற்கைத் தேர்வு பார்க்கிறது, அதாவது பிழைக்க உதவும் சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்துச் சேர்வது. திட்டம் மட்டும் அதனிடம் இல்லை. பிளேக் பற்றீரியாவிடம் நம் கலங்களுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசி ஒன்று உண்டு. அதன் அடிப்பாகங்கள் பல, வாலின் அடிப்பாகங்களுக்கு உறவு. ஊசிதான் வாலுக்கு முந்தியது என்று நான் சொல்லவில்லை. சுழலாமலே அந்தப் பாகங்களுக்கு வேறு வேலை உண்டு, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு மூளையிலிருந்து நேரே போகாமல் நெஞ்சுக்கு இறங்கி, பெருநாடியைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் அதே சுற்றுத்தான், மீட்டர் கணக்கில்! நம் மூதாதையர் கழுத்தில்லாத மீன்களாக இருந்த காலத்துப் பாதை அது. கழுத்து நீள நீள நரம்பும் நீண்டது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவுக்கு வந்த வயரும் இப்படித்தான், இடிந்துபோன என்ஜின் கொட்டகையைச் சுற்றி வரும். புதிதாக இழுப்பவன் அப்படி இழுப்பானா? அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.