கூரையில்லாத வீடு

அன்புள்ள அண்ணா,

மகள் பள்ளியில் குடியேறியவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். பஞ்சத்தில் அமெரிக்கா வந்த ஐரிஷ்காரர்கள் எதையும் கேட்காமல் உழைத்தே முன்னேறினார்கள், ஜனாதிபதி கென்னடி வரை வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் மட்டும் ஏன் எப்போதும் உரிமை, உரிமை என்கிறார்கள்? அவள் படிக்க ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

செந்தில், நியூ ஜெர்சி

அன்புள்ள செந்தில்,

மகளுக்கு என் அன்பு. புத்தகத்தை அவளுடைய பள்ளி நூலகரிடம் கேட்கட்டும், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

போன வருடம் நியூயார்க்கில் ஹட்சன் கரையிலுள்ள பஞ்ச நினைவிடத்துக்குப் போனேன். அயர்லாந்தின் மேயோவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல்வீடு, கூரை கிடையாது. உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஐரிஷ் ஏழைகளின் உணவான உருளைக்கிழங்கு நோயில் அழுகியது உண்மைதான். ஆனால் கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் இல்லை என்று 1847இல் அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷார் சட்டம் போட்டார்கள். கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட வேண்டும். அந்தச் சட்டப்பிரிவைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரகரி. நுவரெலியாவில் ஏரிக்குப் பெயர் இருக்கிறதே, பின்னால் இலங்கைக்கு கவர்னராக வந்த அதே கிரகரிதான். வாடகை கட்டாதவர்களை வெளியேற்றி, திரும்பி வந்துவிடாதபடி கூரையைப் பிடுங்கிப்போட்டார்கள். பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள்.

வந்த இடத்தில் உழைத்தார்கள், சரி. எதையும் கேட்காமலா? செந்தில், இதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். 1790ஆம் வருட அமெரிக்கச் சட்டப்படி, குடியேறியவர்களில் வெள்ளையருக்கு மட்டும்தான் குடியுரிமை. ஐரிஷ்காரரை எவ்வளவு இழிவாக நடத்தினாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெள்ளையர். ஐந்து வருடத்தில் குடியுரிமை, கையில் ஓட்டு. அந்த ஓட்டைத் திரட்டித்தான் போலீஸ் வேலை, தீயணைப்பு வேலை எல்லாம் கேட்டு வாங்கினார்கள். 1880இல் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே அயர்லாந்தில் பிறந்தவர்.

கண்டம் தாண்டும் ரயில் பாதையைக் கிழக்கிலிருந்து போட்டவர்களில் ஏராளமானோர் ஐரிஷ்காரர்கள். மேற்கிலிருந்து போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1869இல் யூட்டாவில் இரண்டு தண்டவாளமும் சேர்ந்தன. பனிமலையில் சுரங்கம் குடைந்த அந்தச் சீனன் உழைக்கவில்லையா? அவனுக்கு ஓட்டு இல்லை, அவ்வளவுதான். எட்டே வருடத்தில் சான் பிரான்சிஸ்கோவில் "சீனர்கள் போயாக வேண்டும்" என்று கூட்டம் கூட்டமாக முழங்கினார் தொழிலாளர் தலைவர் டெனிஸ் கியர்னி. அயர்லாந்தின் கார்க்கில் பிறந்தவர். பசியில் ஓடிவந்த மக்களில் ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

ஆசியர்களுக்கு அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்தது 1965இல் வந்த குடியேற்றச் சட்டத்தில். உரிமை, உரிமை என்று கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய காலம் அது. நீங்கள் இன்று நியூ ஜெர்சியில் இருப்பது அந்தச் சட்டத்தால்தான். செனட்டில் அதை முன்னின்று நிறைவேற்றியவர் ஜனாதிபதி கென்னடியின் தம்பி எட்வர்ட் கென்னடி. கென்னடியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மகள் இந்தக் கென்னடியைப் பற்றியும் எழுதட்டும்.

ஆற்றைத் தாண்டினால் அந்த வீடு வந்துவிடும். ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போங்கள். நீங்களும் உள்ளே போய்ச் சற்று நில்லுங்கள்.