மறு: மாத்திரை மாற்றியபின் உறக்கமின்மையும் வேலை பற்றிய அச்சமும்

வணக்கம். ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து தரும் மையம்) மாத்திரையை மாற்றிய பிறகு இரண்டு மாதங்களாக உறக்கம் வரவில்லை என்றும், பின்னலாடை நிறுவனத்தில் பகலில் கண்ணயர்ந்துவிடுவதால் வேலை போய்விடுமோ என அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

புதிய கூட்டு மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிர் என்ற மருந்து சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்கும். முன்பு எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை இரவில் விழுங்கிப் பழகியவர்கள் இதையும் அதே நேரத்தில் தொடர்வதுண்டு (நீங்களும் இரவு பத்து மணி என்றே குறிப்பிட்டிருக்கிறீர்கள்). காலைக்கு மாற்றலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளையைக்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். விடியுமுன் விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை ஆகியவையும் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; மைய ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, தகுதியுள்ள மருத்துவரின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு முதலியவை இன்றி, தொற்றைக் காரணம் காட்டி எந்த நிறுவனமும் உங்களை நீக்க இயலாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமெனில் புகார் அலுவலரும் இருந்தாக வேண்டும். எனினும் வேலை நேரத்தில் உறங்குவதற்கு அச்சட்டம் காவலாகாது என்பதே என் கருத்து. ஆகவே தொற்றைக் குறிப்பிடாமல், உறக்கமின்மைக்குச் சிகிச்சை பெறுவதாக மட்டும் மருத்துவரிடம் சான்று பெற்று, மேற்பார்வையாளரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.