"இது அசைன்மென்ட் தானே, மிஸ்"

வணக்கம் ஐயா,

தென்காசி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவர்கள் இணையத்திலிருந்தோ சாட்ஜிபிடியிலிருந்தோ அப்படியே இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண் "நமது மதுரை மாவட்டத்தில்" என்று வந்த வரியைக்கூட மாற்றவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "பரீட்சையில பிட் அடிச்சாத்தான் மிஸ் தப்பு, இது அசைன்மென்ட் தானே" என்றாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. கூச்சமே இல்லாமல் அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தலைமுறைக்கு நேர்மை என்பதே மறந்துபோய்விட்டதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு மெக்கேப் 70,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார். தேர்வில் காப்பி அடித்ததாக 64 சதவீதம் பேரும், பிறர் எழுத்தை எடுத்துத் தன்னுடையதாகக் கொடுத்ததாக 58 சதவீதம் பேரும் ஒப்புக்கொண்டார்கள். சாட்ஜிபிடி என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலம் அது. ஆக, கருவி புதிது, பழக்கம் பழையது.

உங்கள் மாணவி சொன்ன பதிலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவளுக்கு நேர்மை என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. பிட் தப்பு என்று தெளிவாகச் சொல்கிறாள். அசைன்மென்ட் அந்தக் கணக்கில் வராது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம்தான் என்பது என் எண்ணம்.

இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். சரியாகச் செய்தால் சுமார் 40 நொடி வரும், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கிடைக்கும். ஒரு பையன் குண்டை விட்டதுமே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கிவிடுகிறான். அவன் இருபது என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுதான். அவனுக்கு விடை 10.8-ஐத் தாண்டிவிடும். கைப்பட அளந்து, கவனமாகக் கணக்குப் போட்டு வந்த விடை அது. எங்கே பிசகியது என்று அவனோடு உட்கார்ந்து தேடினால், 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்க வேண்டும் என்பதை அவன் வாழ்நாளில் மறக்கமாட்டான். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? "9.8 வரணும்டா, மாத்தி எழுது" என்கிறோம். அவன் சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, விடையை முதலில் எழுதி, அதற்கேற்ற அளவுகளைக் கீழிருந்து மேலாக நிரப்புகிறான். சிவப்பு மையில் 'சரி' விழுகிறது. அளந்தவனுக்குத் திட்டு, பார்த்து எழுதியவனுக்குக் கையெழுத்து! இதை இரண்டு வருடம் பார்த்த பிள்ளை, அசைன்மென்டைப் பற்றி வேறு எப்படி நினைக்கும்?

பிளஸ் டூவில் பாடத்துக்கு 100 மதிப்பெண், அதில் 10 அகமதிப்பீடு. அந்தப் பத்தை எல்லாருக்கும் முழுசாகப் போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அசைன்மென்டும் அந்தப் பத்துக்குள் அடக்கம். கொடுத்ததை யாரும் வாசிப்பதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் வாசித்தீர்கள், மதுரை என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வாசித்தீர்கள். அவளுக்கு அதுவே புதிதாக இருந்திருக்கும்.

தேர்வு அறை விஷயம் வேறு. அங்கே நான் கொஞ்சமும் இளகமாட்டேன். பேப்பரைக் காட்டுவதைப் பிள்ளைகள் தப்பாகவே பார்ப்பதில்லை, அது நட்பு. காட்டாதவனுக்கு "ரொம்ப சீன் போடுறான்" என்று பட்டம். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே காட்டுகிற நல்ல பிள்ளைகள் நிறைய. மெக்கேப் கல்லூரி மாணவர்களிடம் கண்டதும் இதைத்தான்: கூட இருப்பவர்கள் செய்கிறார்கள் என்ற எண்ணம்தான் ஒருவரைக் காப்பி அடிக்கத் தூண்டுவதில் மிக வலுவானது. ஆனால் தமிழ்நாட்டில் 2007 முதல் மாநில அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குப் போடும் கட்-ஆஃப்தான் எல்லாம். அதில் அரை மதிப்பெண் கூடக் குறைய ஆனால், தரவரிசையில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னும் பின்னும் போய்விடுவார்கள். நண்பனுக்குக் காட்டிய அந்த ஒரு கேள்வி, வேறெங்கோ விளக்கு வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து படித்த ஒரு பிள்ளையின் இடத்தை எடுத்துவிடுகிறது. முகம் தெரியாத அந்தப் பிள்ளையைப் பற்றி வகுப்பில் பேசுங்கள். பறக்கும் படை வரும் என்று மிரட்டுவதைவிட இது மனதில் தைக்கும்.

சரி, அந்தப் பெண்ணை என்ன செய்வது? தண்டிக்க வேண்டாம், இப்போது கொடுத்ததற்கு மதிப்பெண்ணும் போட வேண்டாம். நான்கு பக்கம் எதற்கு? ஒரு பக்கம் போதும். உங்கள் ஊர்க் குளத்தின் மடையை யார் திறக்கிறார்கள், கடைசியாக எப்போது நிரம்பியது, அவள் பாட்டி அங்கே என்ன செய்வார் என்று விசாரித்துவிட்டு வரட்டும். அப்புறம் வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும், வாக்கியம் தடுமாறினாலும் முழு மதிப்பெண் போடுங்கள், ஏன் போட்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். சாட்ஜிபிடியைக் கேட்டால்கூடப் பரவாயில்லை, கேட்டேன் என்று கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அவள் எழுதியதும், அவளுக்குச் சம்மதமென்றால், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் குளத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அன்புடன்.